இடது பின் கதவு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். நம்பவில்லை என்றாலும் கடிதத்தை இப்படித்தானே ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீ சிரிப்பதைவிட நானே சொல்வது மேல். போன வாரம் நம் வீட்டு வாசலில், கார்ச் சாவியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, காரைப் பார்த்து "நில்லு, நில்லு சனியனே" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்து, "யாரைக்கா நிக்கச் சொல்றீங்க? வண்டி நின்னுக்கிட்டுதானே இருக்கு?" என்றார். அவர் சொன்னதும் சரிதான். சக்கரம் நின்றுதான் இருந்தது. என்ஜின்தான் நிற்கவில்லை. சாவியை உருவி என் கையில் வைத்திருக்கிறேன், அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருக்கிறது. உன்னைவிட வயதில் மூத்த ஜெர்மன் வண்டி அல்லவா, நான் சொன்னால் கேட்குமா?

அண்ணன் எங்கே போனார், அவர் வந்து அணைக்க மாட்டாரா என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் எனக்குச் சிரித்தே மழுப்பத் தோன்றும். தாளின் முன்னால் உட்கார்ந்தால் அந்தச் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

உன் அண்ணனுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது தம்பி. மழைக்காலம் தொடங்கும்போது முதல் தடவை வந்தது. அப்போது கொஞ்சம் பேசினார். குழறிக் குழறி என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். "அவன்கிட்ட சொல்லாதே. வேலையை விட்டுட்டு ஓடி வந்துருவான்" என்றார். அதனால்தான் நீ போன் செய்யும்போதெல்லாம் தூங்குகிறார், குளிக்கிறார் என்று சொன்னேன். ஒரு மனிதர் ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பார் என்று நீ கேட்கவே இல்லை, மக்கு. இரண்டாவது தடவை வந்தபோது பேச்சு முழுதாகப் போய்விட்டது.

போன மாதம் நீ பிடிவாதம் பிடித்ததால் போனை அவர் காதில் வைத்தேன். "அண்ணே, அண்ணே" என்று நீ கூப்பிட்டது எனக்கே கேட்டது. பிறகு என்னிடம், "இன்னும் கோவம் தீரலையா அண்ணி? ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டாரா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ கூப்பிடவில்லை. அன்று அவர் வாய் எவ்வளவு நேரம் அசைந்துகொண்டிருந்தது என்பதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

கோபம் என்று ஒன்று இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர் பள்ளிப் பேருந்து ஓட்டப் போயிருந்த நேரத்தில், வண்டி தாழ்வாக இருந்தால் அழகு என்று முன் ஸ்பிரிங் இரண்டையும் கிரைண்டரால் அறுத்தாய். சாயங்காலம் வந்தவர், "யானை மாதிரி இருந்த வண்டியை எலி மாதிரி ஆக்கிட்டியேடா. இனிமே என் வண்டியில கை வெக்காதே" என்றார். அந்த வார்த்தையோடு நீ விமானம் ஏறிவிட்டாய். குட்டை ஸ்பிரிங் என்று உனக்குப் பெயர் வைத்தது நான்தான். அவர் அந்தப் பெயருக்கு ஒரு நாளும் சிரிக்கவில்லை. வண்டி இன்றும் அதே குட்டை ஸ்பிரிங்கில்தான் நிற்கிறது. வேகத்தடை வந்தால் அடிவயிறு இடிக்கிறது, வண்டிக்கும் எனக்கும்.

இப்போது என்ஜின் கதைக்கு வருகிறேன். இதுவரை ஆட்டோவில் போனோம், போன வாரத்திலிருந்து அவரை ஆஸ்பத்திரிக்கு நம் வண்டியில் நான்தான் ஓட்டிப் போகிறேன். கியர் தானாக மாறும் வண்டி என்பதால் எனக்குத் தோதாக இருக்கிறது. ஆனால் அணைய மாட்டேன் என்றால் எப்படி? ஆஸ்பத்திரிக் காவலாளி விசில் ஊதியே சோர்ந்துபோனார். பேருந்துப் பட்டறையில் உன் அண்ணனோடு வேலை பார்த்த மெக்கானிக்கைப் போனில் பிடித்தேன். "அக்கா, இது பழைய டீசல். என்ஜின் ஓடும்போதே காத்தை உறிஞ்சும். அந்த உறிஞ்சல்லதான் கதவு பூட்டும், அந்த உறிஞ்சல்லதான் என்ஜினும் அணையும். குழாய் எங்கயோ கசியுது. அதைச் சரி பண்ற வரைக்கும் பானெட்டைத் தூக்கி, பம்ப் மேல இருக்கிற லீவரை அமுக்குங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கே போய் இறங்கினாலும் உன் அண்ணன் முதலில் பானெட்டைத் தூக்கி உள்ளே கையை விடுவாரே. வண்டிக்கு நன்றி சொல்கிறாரா என்று நான் கேலி செய்திருக்கிறேன். அவர் என்ஜினை அணைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தினமும், கையால்.

சரி, கசிவை நானே பிடிக்கிறேன் என்று இறங்கினேன். சிரிக்காதே. வண்டியைப் பின்னால் எடுத்து அவர் படுத்திருக்கும் அறையின் ஜன்னல் ஓரமாக நிறுத்தினேன். அவர் இடது கையில் ஒரு கரண்டி, பக்கத்தில் ஒரு டம்ளர். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. எண்ணெய்க் கையோடு ஜன்னலில் எட்டிப் பார்த்து "இதுவா?" என்பேன். டங். "இதைக் கழட்டட்டுமா?" டங் டங். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னை இவ்வளவு திட்டியதே இல்லை. ஆனால் கண்ணில் பழைய வெளிச்சம் இருந்தது தம்பி. கசிவைத் தேடிய இரண்டு நாளும் ஊட்டியதைத் துப்பாமல் சாப்பிட்டார்.

கதவுப் பூட்டுகளுக்குப் போகும் குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு, தையல்காரரைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். என்ஜின் பட்டென்று அணைந்தது. ஆக, கசிவு ஏதோ ஒரு கதவில். ஒவ்வொரு கதவாகப் பார்த்து வந்தேன். மூன்று கதவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. இடது பின் கதவில் கை வைத்ததும் டங் டங். மறுபடியும் டங் டங். களைத்துவிட்டார் என்று நினைத்து, நானாகவே இன்னொரு கரண்டியின் காம்பை விட்டு உள்பலகையை நெம்பிவிட்டேன்.

உள்ளே, நீ கல்லூரியில் படித்தபோது மாட்டிய ஸ்பீக்கர். அதற்குத் துளை போடும்போது டிரில் பட்டுக் குழாய் அறுந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் ஒரு பேனாக் குழலைச் செருகிக் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறாய். நீதான் என்று எப்படித் தெரியும் என்கிறாயா? பேனாவின் முனையெல்லாம் பல் தழும்பு. இந்த வீட்டில் பேனாவைத் தின்கிறவன் நீ ஒருவன்தான்.

அந்தக் கறுப்பு டேப்பின் மேல் சிவப்பு டேப் ஒரு சுற்று இருந்தது. நுனியை மடித்து விட்டிருந்தது, பிரிக்கச் சுலபமாக. அப்படி மடிப்பது உன் அண்ணன். அந்தச் சிவப்பு டேப் நீ விமானம் ஏறிய பிறகு வாங்கியது. நான்தான் கடைக்குப் போனேன். அவருடைய சாமான் டப்பாவைத் தேடினால், அந்தக் குழாய்க்கான புது ரப்பர் இணைப்பு பொட்டலம்கூடப் பிரிக்காமல் கிடக்கிறது. ஐந்து நிமிட வேலை. அவர் செய்யவில்லை. உன் ஒட்டு கழன்றுவிடாமல் மேலே ஒரு சுற்றுச் சுற்றி, கதவை மூடிவிட்டு, தினமும் பானெட்டைத் தூக்கியிருக்கிறார்.

ஜன்னலில் போய், "இதை மாத்திடட்டுமா?" என்று கேட்டேன். டங் டங். "அவன் வந்து மாத்தட்டுமா?" என்றேன். கரண்டியைத் தூக்கியவர் தட்டவே இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். நான்தான் அவர் கையைப் பிடித்து, டம்ளரில் ஒரு தடவை தட்ட வைத்தேன்.

உள்பலகையைத் திரும்ப மாட்டிவிட்டேன். உன் பேனா உள்ளேயேதான் இருக்கிறது.

இந்த இரண்டு மூன்று நாளாகக் கரண்டி அவருக்குக் கனக்கிறது. விரலால் கட்டில் சட்டத்தில் தட்டுகிறார். பக்கத்தில் காதை வைத்தால்தான் கேட்கும். டாக்டரம்மா நல்ல மாதிரி, நான் என்ன கிண்டல் செய்தாலும் சிரிப்பார். நேற்று சிரிக்கவில்லை. "பார்க்க வேண்டியவங்க இருந்தா வரச் சொல்லுங்க" என்றார். பார்க்க வேண்டியவன் என்று உன்னை விட்டால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? நான் சத்தியத்தை மீறிவிட்டேன். அந்தப் பாவம் என்னோடு இருக்கட்டும்.

அந்த வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லவில்லை. ஒரு கதவு பாக்கி இருக்கிறது, வந்து முடித்துக் கொடு என்றுதான் சொல்கிறேன். வந்ததும் என்னிடம் எதுவும் பேச வேண்டாம். நேரே கட்டில் பக்கம் போய், "அண்ணே, உன் வண்டியில கை வெக்கட்டுமா?" என்று கேள். காதைச் சட்டத்தில் வை, ஒரு தட்டு கேட்கும். கேட்கிற மாதிரி சீக்கிரம் வா.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இரு. அவர் சொல்ல நினைத்ததையும் சேர்த்து நானே சொல்கிறேன், நன்றாக இரு கண்ணு.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அண்ணி

பின்குறிப்பு: தையல்காரர் வீட்டு அம்மாவை அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, இதைத் தபாலில் சேர்க்க வண்டியில் வந்தேன். உறையை இன்னும் ஒட்டாததால் இதையும் எழுதுகிறேன். தபால் பெட்டிக்கு முன்னால் நிறுத்திச் சாவியை உருவினேன். என்ஜின் நிற்கவில்லை. லீவரை அமுக்கலாம் என்று பானெட் திறக்கும் பிடியை இழுத்தேன். பிடி கம்பியோடு என் கைக்கு வந்துவிட்டது. பானெட் திறக்கவில்லை. தையல்காரருக்குப் போன் செய்தேன். கத்தரிக்கோலோடு வருகிறேன் என்றார். பிடியைப் பக்கத்து இருக்கையில் வைத்திருக்கிறேன். எழுத்து ஆடியிருந்தால் அது வண்டி அதிர்வதால்தான். டீசல் நேற்றுதான் முழுதாக நிரப்பினேன்.