அப்பாவை அங்கேயே கரைத்துவிடு

பபேடான், ரங்கூன்.

அன்பு மகன் பாலசந்தருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை சத்யபாமாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, மழையில் நனையாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். ஃபோனில் சொன்னால் ஆகாதா என்று நினைப்பாய். கரண்டு இருக்கும்போது லைன் கிடைப்பதில்லை, லைன் கிடைத்தால் நீ அழுகிறாய், நீ அழுதால் நான் சொல்ல வந்தது மறந்துபோகிறது. கீழ் வீட்டு ஃபக்ருன்னிசா அக்காவின் மருமகன் மாஹிர் கப்பல் வேலைக்குத் திரும்பிப் போகிறான். அந்தக் கப்பல் நீ இருக்கும் நாட்டுக்கு, மணிலா வரைக்கும் வருமாம். அவன் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். பர்மியில் எழுதினால் வழியில் யார் வேண்டுமானாலும் படிப்பார்கள். தமிழ் என்றால் நம் ஆட்களிலேயே பாதிப் பேருக்குப் படிக்க வராது. உன் தங்கைக்கும் வராது, அதனால் அவளைப் பற்றியும் தைரியமாக எழுதலாம். நீ கோயில் பள்ளிக்கூடத்தில் படித்ததை நினைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டியாவது கடைசி வரை படித்துவிடு.

அப்பா போனதை நான் ஃபோனில் சொன்னது உனக்கு அரையும் குறையுமாகத்தான் கேட்டிருக்கும். காலைப் பலகாரத்துக்கு மொஹிங்கா வாங்கிவரப் பாத்திரத்தை எடுத்தவர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தார்கள், அங்கேயே முடிந்துவிட்டது. வெளியே இறந்தவரை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது இந்த ஊர் வழக்கம். மாடியில் குடியிருப்பவர்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். குளிப்பாட்டியது ஆஸ்பத்திரிப் பின்கட்டில்தான். வாய்க்கரிசி போடும்போது மாவ்பி ஊரிலிருந்து வந்த என் பர்மியச் சின்னம்மா டோ மியா, போகிற வழியில் படகுக்காரனுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு காசையும் வாயில் வைத்தாள். இப்போது எல்லாம் நோட்டுதான், காசு எங்கே புழக்கத்தில் இருக்கிறது, எந்தக் காலத்துக் காசோ, அவள் எங்கே தேடிப் பிடித்தாள் என்று தெரியவில்லை. அரிசி தமிழ் முறைக்கு, காசு பர்மிய முறைக்கு. உன் பெரியப்பா மகன் அய்யாசாமி கொள்ளி வைத்தான். எனக்கு அழுகை வரவில்லை. இன்று வரை வரவில்லை. அம்மா கல்லு மாதிரி இருக்காங்க என்று சத்யா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். இருந்துவிட்டுப் போகிறேன். சோறு வடிக்கிறேன், துணி துவைக்கிறேன், தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்து வைக்கிறேன். எல்லாம் நடக்கிறது, நான்தான் அங்கே இருப்பதாகத் தோன்றவில்லை.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி. ஏழாம் நாள் டோ மியாவின் ஏற்பாட்டில் புத்த மடத்துப் போங்கிகளுக்குச் சாப்பாடு போட்டோம். அவர்கள் ஓதி முடித்ததும் கதவைத் திறந்து வைத்து, இறந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உனக்கும் இந்த வீட்டுக்கும் இனி ஒன்றுமில்லை, பற்று வைக்காமல் போ என்று பெண்டாட்டி சொல்ல வேண்டுமாம். பெயரைச் சொன்னால்தான் அந்த உயிருக்குக் கேட்குமாம். நம்மில் யார் புருஷன் பெயரைச் சொல்கிறார்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதில்லை, ரேஷன் கடையில் கேட்டால்கூட உன்னைத்தான் சொல்ல வைப்பேன். அன்றைக்குச் சொன்னேன். கோ அழகப்பன், போய்விடுங்கள் என்று, மரியாதைக்குக் கோ சேர்த்துப் பர்மியில் சொன்னேன். முதல் முதலாக அவர் பெயரைச் சொன்னது அவரைப் போகச் சொல்வதற்குத்தான். சரி, அதோடு விட்டதா. பதினாறாம் நாள் பண்டாரம் வந்து இலை போட்டுப் படையல் வைத்து, வந்து சாப்பிடுங்கள் என்று கூப்பிடம்மா என்றார். நானும் இருந்த நினைப்பில் கூப்பிட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டோ மியா பதறிப்போய் என் கையில் ஓர் அடி வைத்தாள். அனுப்பி வச்சவரை எதுக்குடி திரும்பக் கூப்பிடுறே, இப்ப அவர் எங்கேன்னு நிற்பாரு என்று பர்மியில் சத்தம் போட்டாள். சத்யா சிரித்துவிட்டாள். அய்யாசாமியும் சிரித்தான். பண்டாரத்துக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. கலப்புக் குடும்பம் என்றால் கல்யாணத்தில் இரண்டு சாப்பாடு கிடைக்கும் என்று உன் அப்பா கேலி பேசுவாரே, சாவிலும் இரண்டு நடக்கும் என்று யாருக்குத் தெரியும். இரண்டையும் குறையில்லாமல் செய்யப் போய் அந்த மனிதரை வாசலில் நிறுத்திவிட்டோம்.

அன்றிலிருந்து ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இன்னொரு முறை ஒழுங்காக வழி அனுப்பாவிட்டால் அவர் அலைவார் என்கிறாள் டோ மியா. மகன் கையால் சாம்பலைத் தண்ணீரில் கரைத்தால்தான் போவார் என்கிறார் பண்டாரம். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு, மகனைக் கூப்பிடு, மகனைக் கூப்பிடு என்கிறார்கள். சாம்பலைப் பானையில் கட்டிக் கோயில் பின்புறத்து மரத்தில் தொங்கவிட்டிருந்தது. அலோன் துறைமுகத்துப் படித்துறையில் கரைப்பதாகத்தான் பேச்சு. அவர் அரிசிக் கிடங்கில் வேலை பார்த்த இடம், பொருத்தமாக இருக்கும் என்றார்கள். நீயும் சத்யாவிடம் ஃபோனில் பேசி அடுத்த மாதத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டாயாம். என்னிடம் சொல்லவில்லை. அவள்தான் உளறினாள்.

நீ வரக் கூடாது பாலா. இங்கே உன் வயதுப் பையன்களைப் பட்டாளத்துக்குப் பெயர் எடுக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியாததல்ல. நம் சித்ராதேவியின் மகன் மனோஜ் தன் அக்கா கல்யாணத்துக்கு என்று மலேசியாவிலிருந்து வந்தான். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்றுதான் வந்தான். திரும்பிப் போக விடவில்லை, பெயரும் வந்துவிட்டது, கொண்டுபோய்விட்டார்கள். அந்தக் கல்யாண வீட்டில் வாங்கி வைத்த பூந்தி தீர்வதற்குள் நடந்தது இது. சித்ராதேவி இப்போது கடைக்குப் போனாலும் ஃபோனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடக்கிறாள். எல்லோருக்கும் அப்படியா நடக்கிறது என்று நீ கேட்பாய். நடக்காமலும் போகலாம். போகலாம் என்பதை நம்பி உன்னைக் கூப்பிட என்னால் முடியாது.

அதனால் நானே ஒரு முடிவு எடுத்து, யாரிடமும் கேட்காமல் அய்யாசாமியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பானையை இறக்கச் சொன்னேன். மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் எல்லாவற்றையும் எடுத்து, வெள்ளைத் துணி சுற்றி, மாஹிரிடம் கொடுத்திருக்கிறேன். சாம்பலைக் கப்பலில் கொண்டுபோகத் தயங்குவானோ என்று நினைத்தேன். என் கல்யாண பிரியாணிக்கு அரிசி பார்த்துக் கொடுத்த மனுஷன், அவரைக் கொண்டுபோக எனக்கென்ன மாமி என்றான். மணிலாவில் கப்பல் நிற்கும்போது ஃபோன் செய்வான், நீ போய் வாங்கிக்கொள்.

உன் ஊரில் எங்கே கரைப்பது என்று யோசித்தேன். உன் ஊர் என்று நான் சொல்வதே அப்பாவிடமிருந்து தொற்றிக்கொண்டதுதான். நீ வேலையில் சேர்ந்த புதிதில் அந்த ஊரைப் பற்றி எழுதி அனுப்பினாயே, எத்தனை கிராமம், என்ன விளைச்சல், எந்தப் பக்கம் கடல் என்று. அதை வைத்துக்கொண்டு மனிதர் டீக்கடையில் பண்ணிய அலட்டல் உனக்குத் தெரியாது. அந்த ஊர்ப் பெயரை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார். ஆனால் மற்றதெல்லாம் பாடம். பின்னால் மலை, முன்னால் கடல், நடுவில் ஒரே ஒரு தார் ரோடு. ரோட்டின் பாதியில் நெல் காயும், மீதிப் பாதியில் மூன்று சக்கர வண்டி ஓடும். வருஷத்துக்கு இரண்டு போகம். மேட்டில் தென்னை, கொப்பரை வியாபாரம். படகுக்கு இரண்டு பக்கமும் மூங்கில் கை உண்டு. அறுவடை முடிந்ததும் மாதா கோயில் திருவிழா, தெருவுக்குத் தெரு முழுப் பன்றி சுடுவார்கள். புயல் வந்தால் பள்ளிக்கூடத்தில்தான் ஊரே படுக்கும். மாவ்பியைத் தாண்டிப் போகாத மனிதர், நம்ம ஊர்ல இந்த மாசம் புயல் ஜாஸ்தி என்று கடையில் சொல்வாராம். ரோட்டில் காய்ந்த நெல் உலக்கை படுமுன் நொறுங்கும், மூட்டையில் குத்தூசி போட்டு எடுத்தால் பாதி குருணையாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பாடம் வேறு நடத்துவார். கடலோர வயலில் உப்பு ஏறி நெல் கருகுகிறது, அதைத் தாங்குகிற விதையைத்தான் உன் ஆபீஸ் கொடுக்கிறது என்று நீ சொன்ன அன்று இரவு அவருக்குத் தூக்கமே இல்லை. உப்பைத் தின்னு வளர்ற நெல்லு எப்படி ருசிக்கும் அம்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கென்ன தெரியும். தூங்குங்கள் என்றேன்.

வயலுக்கு நடுவில் வருகிற ஆறு கடலில் விழும் இடம் ஒன்று இருப்பதாகச் சொன்னாய். அங்கே போ. காலையில் குளித்துவிட்டு, தண்ணீர் கடல் பக்கம் வடியும் நேரமா என்று மீன்காரர்களிடம் கேட்டுக்கொண்டு இறங்கு. ஆழம் வேண்டாம், முழங்கால் அளவு போதும், உனக்கு நீச்சல் தெரியாது. பண்டாரம் சொன்ன மந்திரம் எதுவும் எனக்கு நினைவில்லை. நீ தமிழில் பேசு, பர்மியில் பேசு, எப்படி வேண்டுமானாலும் பேசு. ஆனால் போங்கள் என்று மட்டும் சொல், வாருங்கள் என்று சொல்லிவிடாதே. நான் செய்த கூத்தே போதும். கரையேறியதும் திரும்பிப் பார்க்காமல் வா, அன்றைக்குக் கவிச்சி சாப்பிடாதே. நீ வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம் முன்னாலேயே சொல்லி வை, அந்த அம்மா பாசத்தில் கருவாட்டை வறுத்துக் கொண்டுவந்து நீட்டும். மற்ற நாளிலும் கருவாட்டைக் குறைத்துக்கொள், உனக்குச் சூடு ஆகாது.

இங்கே மற்றபடி புதிதாக ஒன்றுமில்லை. சத்யாவுக்கு ஃபோன் கடையில் வேலை நிரந்தரமாகிவிட்டது. எதிர்க்கடைப் பையன் ஒருவன் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு வருகிறான், நான் பார்க்காதது போல் இருக்கிறேன். அப்பா இடுப்பில் கட்டிய லோஞ்சிகளை அய்யாசாமிக்குக் கொடுத்துவிட்டேன். எப்போதாவது உட்கார்ந்து அழுவேன் என்று நினைக்கிறேன். அதற்காக நீ ஓடிவர வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்வேன். நீ தீர்க்காயுளோடு இருக்க வேண்டும், உனக்கு அந்த ஊரிலோ எந்த ஊரிலோ ஒரு குடும்பம் அமைய வேண்டும், உன் கை பட்ட வயலெல்லாம் விளைய வேண்டும். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுச் சத்யாவிடம் சொல். மறந்துவிடாதே.

ரத்து செய்ய மாட்டாய், அம்மா சும்மா சொல்கிறாள் என்று புறப்பட்டு வருவாய் என்று எனக்குத் தெரியும். பிடிவாதத்தில் நீ என் பிள்ளை. அதனால் சொல்லிவிடுகிறேன். நீ வந்து இறங்குவதாகச் சத்யாவிடம் சொன்ன தேதிக்கு முன்னாலேயே நானும் சத்யாவும் வீட்டைப் பூட்டிக்கொண்டு மாவ்பிக்குப் போய்விடுவோம். சாவியை ஃபக்ருன்னிசா அக்காவிடம்கூட கொடுக்க மாட்டேன். நீ மாடி ஏறி வந்து தட்டினாலும் திறக்க ஆள் இருக்காது. அப்படியே நான் உள்ளே இருந்தாலும், நீ வாரம் முழுக்க நின்றாலும் திறக்க மாட்டேன்.

உன் அம்மா,
அம்சா