வலி இல்லை என்று எழுதினேன்

ஜூன் 9, செவ்வாய்

பெரிய மேடம் இன்று நர்ஸ்கள் எங்களை உட்கார வைத்து, தொண்டையில் குழாய் போட்ட நோயாளிகளோடு எப்படிப் பேசுவது என்று ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தார். அவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கால் வைத்தே ஆறு மாதம் இருக்கும். கடைசியில் ஆளுக்கொரு படம் போட்ட அட்டை. தாகம், வலி, கழிவறை, மனைவி. கழிவறைக்கும் மனைவிக்கும் ஒரே நிறம். பத்தொன்பது வருடமாக வாய் பேச முடியாதவர்களோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு அட்டை! கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்திருக்கிறார்.

கிளி மட்டும் குறிப்பெடுத்தாள். காலை டியூட்டிக்கு வந்திருக்கும் புதுப்பெண்ணுக்கு நான் வைத்த பேர் அது. வாய் ஓயாது.

ஜூன் 10, புதன்

ஏழாம் படுக்கை. லிப்ட் மெக்கானிக், ஐம்பது வயது. நரம்பு நோய் — ஒரே வாரத்தில் கை கால் விழுந்து, மூச்சும் மெஷினுக்குப் போய்விட்டது. புத்தி தெளிவு. அசைவது இமை மட்டும்.

கிளி அவர் தலைமாட்டில் ஒரு மஞ்சள் தாளை ஒட்டி, ஓரமெல்லாம் பூ வரைந்து வைத்திருந்தாள். பாலர் பள்ளியா இது? படிக்கக்கூட இல்லை, கிழித்துக் குப்பையில் போட்டேன். மதியம் என்னிடம் டியூட்டி மாற்றும்போது ராமாயணத்தை ஆரம்பித்தாள். "அக்கா, அவர்கிட்ட எப்படிக் கேக்கணும்னா —"

"மருந்து என்ன, யூரின் எவ்வளவு, அதைச் சொல்லு போதும்."

சொன்னாள். போனாள்.

என் முறை எளிது. இரண்டு சிமிட்டல் ஆமாம், ஒன்று இல்லை. ஒரு தடவை சிமிட்டுவது எல்லார் கண்ணும் தானாகச் செய்வது, அதைப் போய் ஆமாம் என்று எடுக்க முடியுமா? அவர் வந்த அன்றே சொல்லிவிட்டேன். அரை மயக்கம்தான், இருந்தாலும் காதில் விழுந்திருக்கும். வீட்டுக்காரரின் 'ம்'முக்கு இருபது வருடமாக அர்த்தம் கண்டுபிடித்துக் குடித்தனம் நடத்துகிறேன். எனக்குச் சிமிட்டல் தெரியாதா?

"வலிக்குதா?" ஒன்று.

வலி இல்லை என்று எழுதினேன்.

ஜூன் 11, வியாழன்

ஏழாம் படுக்கைக்கு நாடி நூற்றிருபது. நெற்றியெல்லாம் வியர்வை. கேட்டேன், ஒன்று. மறுபடி கேட்டேன், ஒன்று. வலி ஊசி தேவைப்பட்டால் மட்டும் போடச் சொல்லி எழுதியிருக்கிறது. தேவைப்படவில்லை.

சின்ன டாக்டர் போனைப் பார்த்தபடியே "பதட்டமா இருக்கும் சிஸ்டர்" என்றார். போனைப் பார்க்கிற கண்ணால் மானிட்டரையும் ஒருமுறை பார்த்திருக்கலாம். மருந்து கம்பெனிக்காரர் வந்ததும் முகத்தில் என்ன ஒரு வெளிச்சம்!

ஜூன் 12, வெள்ளி

லிப்ட்காரரின் மனைவி. வேலை முடிந்து மாலையில்தான் வருவாள், வந்ததும் குறை. "சிஸ்டர், சாயங்காலமானா இவர் முகமே வேற மாதிரி ஆயிடுது. அழறார்."

கண் காயாமல் இருக்க சொட்டு மருந்து போடுகிறோம், அதுதான் வழிகிறது என்றேன்.

"இருபத்தாறு வருஷம் சிஸ்டர். அவர் அழறது எனக்குத் தெரியாதா?"

தெரியுமாம். வெளியே நாற்காலியில் நாலு நாள் உட்கார்ந்தால் எல்லாரும் பாதி டாக்டர். அவள் கண்முன்னாலேயே கேட்டுக் காட்டினேன். "வலிக்குதா?" ஒன்று. "பாத்தீங்களா? இல்லைங்கிறார்."

அவர் கண்ணோரத்தைத் துடைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள்.

ஜூன் 13, சனி

நான் பக்கத்தில் போனதுமே கண்ணை மூடிக்கொண்டார். திமிர். வலி இல்லை.

ஜூன் 14, ஞாயிறு

என்னத்தை எழுத.

மாலைக்கு ஒருத்தி வரவில்லை, கிளி தங்கிவிட்டாள். நான் ஏழாம் படுக்கைக்காரரிடம் வலிக்குதா என்று கேட்கும்போது பக்கத்தில் நின்றாள். ஒன்று. நான் பேனாவை எடுத்தேன்.

"அக்கா, ஊசி எடுத்துட்டு வரட்டுமா?"

"எதுக்கு? இல்லைங்கிறாரே."

"ஒண்ணுன்னா ஆமாதானே அக்கா? தினமும் காலையில அவர்கிட்ட சொல்லித்தானே கேக்கறேன். தாள்ல எழுதியும் ஒட்டியிருந்தேனே…"

நாலு சாயங்காலம். வலிக்குது வலிக்குதுன்னு அந்த மனுஷன் நாலு நாளா சொல்லியிருக்கார், நான் அவர் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இல்லைன்னு எழுதியிருக்கேன். இந்த நோய்ல காலை நெருப்புல வெச்ச மாதிரி எரியும்னு படிச்சவதானே நான்? நாடி நூத்தியிருபது — எந்தக் கண்ணால பாத்தேன்?

அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வந்தாள்.

ஊசி போட்டு இருபது நிமிடத்தில் நாடி தொண்ணூற்றாறு. கிளி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கென்று இன்றைக்கா வாய் மூடவேண்டும்? திட்டித் தொலைத்திருக்கலாம், கழுதை.

ஜூன் 15, திங்கள்

நடந்ததைப் பெரிய மேடத்திடம் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "வகுப்புல நீங்க தூங்கிட்டு இருந்தீங்க" என்றார். ஆமாம்.

மனைவியிடமும் நானே சொன்னேன். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். "அவர் அழறார்னு எனக்குத் தெரிஞ்சுது. நீங்க சொன்னதும் நான் உங்களை நம்பிட்டேனே சிஸ்டர்" என்றாள். அவளுக்கு என் மேல் இருக்கிற கோபத்தைவிட அவள் மேலேயே அதிகம். அதையும் நான்தான் செய்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 16, செவ்வாய்

நாற்காலியை இழுத்து அவர் முகத்துக்கு நேரே போட்டுக்கொண்டேன். முதலில் கிளியின் முறையைச் சொன்னேன்: ஒன்று ஆமாம், இரண்டு இல்லை. புரிந்ததா? ஒன்று. பிறகு நடந்ததைச் சொன்னேன். "நீங்க வலிக்குதுன்னு சொன்னீங்க. நான் இல்லைன்னு எழுதினேன். தப்பு என்னோடது." இமை அசையவில்லை. அதில் கேள்வி எதுவும் இல்லையே.

"சாயங்காலம் உங்களை வேற நர்ஸ் பாத்துக்கட்டுமா?"

ஒன்று.

இரண்டாவது வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் இமையை அசைக்கவில்லை. கண்ணில் நீர் கட்டியும் மூடாமல், நான் எழுந்திருக்கும் வரை விழித்துக்கொண்டே இருந்தார்.

டியூட்டிப் பட்டியலில் ஏழாம் படுக்கைக்கு நேரே இருந்த என் பேரை அடித்துவிட்டு வந்தேன்.