சூட்டிங் என்று சொன்னவன்

இயேசு மரி சூசை துணை

லாசால், மொன்றியல்
புதன்கிழமை

அன்புள்ள மகன் ஜெனாட்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம். அட்லாண்டாவில் உன் கூட்டாளி றெனோல்ட்டின் மாமா வீட்டில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயோ என்பதுதான் அம்மாவின் கவலை. என் போனை நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் இது போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. எட்டு வருஷம் உன்னை அழ அழச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே படித்ததை வைத்து இதை நீயே எழுத்துக்கூட்டி வாசி. வேறு ஒருவரிடமும் கொடுக்காதே.

முதலில் ஜெராட்டின் செய்தி. எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற அந்தக் கிழவனைப் போன வெள்ளிக்கிழமை பட்டப்பகலில் நாலு பேர் இரும்புக் கம்பியால் அடித்துப் போட்டார்கள். தாடை மூன்று இடத்தில் உடைந்துவிட்டது. இடது கண் இனித் தெரியாதாம். விழுந்து கிடந்தவனை றெனோல்ட்டின் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சப்பாத்துக் காலால் உதைத்தார்கள். அம்மா பல்கனியில் நின்று ஐயோ விடுங்கோ, கிழவன் செத்துப்போகும் என்று குளறினா. நான் இறங்கி ஓடுவதற்குள் போய்விட்டார்கள். நடைபாதையில் கிடந்த இரண்டு பல்லையும் பொறுக்கி, கடதாசியில் சுற்றி அம்புலன்ஸ்காரனிடம் கொடுத்தேன்.

அதற்கு முதல்நாள்தான் நீ அந்த அமெரிக்க ரீவி நிகழ்ச்சியில், றெனோல்ட்டைப் பொலிஸ் சுட்ட அன்று கட்டடத்து வெள்ளைக் கிழவன்தான் பொலிசைக் கூப்பிட்டவன் என்று சொன்னாய். பாட்டுச் சத்தம் கூடினால் பொலிசுக்குப் போன் அடிப்பேன் என்று அவன் உங்களை வெருட்டியது உண்மைதான். நீ பெயர் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கட்டடத்தில் வெள்ளைக் கிழவன் ஒருவன்தானே இருக்கிறான்.

அந்த நிகழ்ச்சியை நானும் பார்த்தேன். கோட்டும் சூட்டும் போட்ட ஒருவன், துவக்கைப் பிடித்துக்கொண்டு பாடுகிறவனுக்குத் துவக்கால்தான் பதில் வரும் என்றான். பக்கத்தில் இருந்த பெண், அதே துவக்கோடு வெள்ளைக்காரன் படத்தில் நடித்தால் மட்டும் காசு கொடுத்துப் பார்க்கிறீர்களே என்று அவன்மேல் பாய்ந்தாள். பாட்டா காரணம், பொலிசா காரணம் என்று ஒரு மணித்தியாலம் பிடுங்குப்பட்டார்கள். நடுவில் இருந்து நீ அழுதாய்.

மகன், பொலிசைக் கூப்பிட்டது ஜெராட் இல்லை. நான்.

அன்று பாண் சுடுகிற பக்டறியில் இரவு வேலை முடித்துவிட்டு வந்து காலையில்தான் படுத்தேன். கண் அயர்ந்த கையோடு கீழே கார் நிறுத்துகிற இடத்தில் பாட்டு, ஜன்னல் கண்ணாடி அதிரத் தொடங்கியது. எட்டிப் பார்த்தேன். பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு நாலைந்து கறுவல் பெடியள். அந்தச் சொல்லைச் சொன்னால் நீ என்னோடு சண்டைக்கு வருவாய். அன்று என் மனதில் வந்தது அதுதான், அதனால் அதையே எழுதுகிறேன். நீ வேலைக்குப் போய்விட்டாய் என்று நினைத்தேன். கமராவோடு, நிறுத்தியிருந்த வானுக்குப் பின்னால் குந்தியிருந்ததை நான் காணவில்லை.

பொலிசுக்கு அடித்தேன். படம் எடுப்பதற்கு எங்கள் ஆட்கள் வேறு என்ன சொல்வார்கள்? சூட்டிங். பிளாக் போய்ஸ், சூட்டிங், பெரிய சத்தம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். இங்கிலீசில் அது துவக்குச் சூடு. போனில் இருந்த பெண்ணின் குரல் மாறியது. துவக்கு இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

இதோடு நிறுத்தினால், பாஷை தெரியாத மனுசன் விட்ட பிழை என்று நீ மன்னித்துவிடுவாய். ஆனால் அது விளையாட்டுத் துவக்கு என்று எனக்குத் தெரியும். முதல்நாள் எங்கள் குசினி மேசையில் இருந்துதான் றெனோல்ட் அந்தப் பாட்டுப் படத்துக்கென்று அதற்குக் கறுப்புப் பெயின்ற் பூசினான். அவள் பிழையாக விளங்கிக்கொண்டாள் என்பதும் எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. பொம்மை என்று சொன்னால் வரமாட்டார்கள், நித்திரை கொள்ள முடியாது. அந்த எரிச்சலில் போனை வைத்துவிட்டேன்.

பிறகு நடந்ததை உன் கமராவில் உலகமே பார்த்தது. நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன். றெனோல்ட் சிரித்தபடி திரும்பினான். கையில் இருந்ததைக் கீழே வைக்கக் குனிந்தான். மூன்று வெடி. கழுத்தில் பட்ட வெடியில் இரத்தம் பக்கத்துக் கார்க் கண்ணாடியில் அடித்தது. நீ கத்திக்கொண்டு ஓடினாய். ஒருவன் உன்னை முகம்குப்புற விழுத்தி, முதுகில் முழங்காலை ஊன்றி, உன் தலையைத் தார் நிலத்தில் இடித்தான். அவன் கண்ணுக்கு நீயும் கறுவல்தான். நான் அப்படித்தானே சொல்லிக் கூப்பிட்டிருந்தேன்.

மன்னாரில் உன் சித்தப்பாவை ஆமி கொண்டுபோன கதை உனக்குத் தெரியும். முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டிருந்த தலையாட்டி ஒருவன், வரிசையில் நின்ற பெடியளுக்குள் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டியை முப்பது வருஷமாகத் திட்டி வருகிறேன். இப்போது பல் துலக்கும்போது கண்ணாடியைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் ஜெராட்டைப் பார்த்தேன். வாயைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். பல் பொறுக்கிக் கொடுத்த நல்ல மனுசன் என்று கடதாசியில் எழுதிக் காட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. உண்மையைச் சொல்லத்தான் போனேன், சொல்லாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவ றெனோல்ட்டின்ர தாய்க்கு முதல் போய்ச் சொல்லுங்கோ, பேந்து என்னோட கதையுங்கோ என்றா. ஞாயிறு பூசை முடிய அந்தத் தாயிடம் போவேன்.

அடுத்த வியாழக்கிழமை நீ இன்னும் பெரிய நிகழ்ச்சி ஒன்றில் பேசப் போகிறாயாம். சுட்டது பொலிஸ். அந்தக் கொலையைப் பற்றிச் சொல்லவேண்டியதில் ஒரு சொல்லும் குறைக்காதே. ஆனால் ஜெராட்டை விடு. அவனுடைய கதவில் நெருப்பு வைப்போம் என்று சிவப்பு மையால் எழுதியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இருந்து அவன் திரும்பி வரப்போவது அந்தக் கதவுக்குத்தான். கூப்பிட்டது யார் என்று அவர்கள் கேட்பார்கள். என் அப்பா என்று சொன்னால் உனக்கு அவமானமாக இருந்தால் அந்த உறவைச் சொல்ல வேண்டாம். பெயரை மட்டும் சொல்.

றெனோல்ட்டின் ஆத்துமாவை ஆண்டவர் தம்மோடு சேர்த்துக்கொள்ளட்டும். உன் தலைக்காயத்தைக் கவனமாகப் பார்த்துக்கொள். மாதா உன்னோடு துணை நிற்பா. உனக்கு எழுதும்போது எப்போதும் அப்பா என்றுதான் முடிப்பேன். அது அந்த நிகழ்ச்சியில் வாசிக்க உதவாது. அதனால் முழுப் பெயரையும் விலாசத்தையும் எழுதுகிறேன்.

சவிரிமுத்து யோசெப்
இரண்டாம் மாடி, ஏழாம் இலக்கம்
லாசால்