பதினாறு பக்கக் குறட்டை

என்னங்க,

சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். பதினோரு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார்.

தினமும் பத்து நிமிடம் மனதில் வருவதை நிறுத்தாமல் எழுதினால் கதை ஊறும் என்று நோட்டு வாங்கினேன் அல்லவா? ஊறியதெல்லாம் உங்கள் குறட்டையைப் பற்றிய புலம்பல்தான். பதினாறு பக்கமும் அதே பாட்டு. இன்றும் அதையே தொடங்கினேன், பேனா நின்றுவிட்டது. உங்கள் வேலை போன நாளிலிருந்து குறட்டையே கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நீங்கள் தூங்குவதே இல்லை. நானோ நேற்று உங்கள் தங்கை முன்னால், "இவருக்கு இப்ப தூக்கம்தான் வேலை" என்று சொல்லிச் சிரித்தேன். பெரிய எழுத்தாளர் நான், பக்கத்தில் படுத்திருப்பவரைக்கூடப் பார்க்கவில்லை.

தங்கைக்குப் போன் செய்து, "நான் பேசினது தப்பு" என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் நேரில் சொல்லத்தான் வாய் வரவில்லை.

தாளின் அடியில் கொஞ்சம் இடம் இருக்கிறது: சாயங்காலம் தையல் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வருகிறேன். நேரிலேயே சொல்லிப் பார்க்கிறேன்.