புகையோ, சூடோ

12.2.1981
வட்டக்கச்சி. இரண்டு பம்ப் பழுது பார்த்தேன். பின்னேரம் தலைமை ஆசிரியர் செல்வநாயகம் வேலைத்தலத்துக்கே வந்துவிட்டார். என் விமலேஸ்வரி செத்து இரண்டு மாதம். அவளுடைய நாலாம் வகுப்புக்கு ஆளில்லையாம். "புது ரீச்சர் வருமட்டும் வாசிப்பைப் பாரும் தம்பி. பலூன் பாடம். நீர் டெக்னிக்கல் படிச்ச ஆள்தானே." பெண்சாதியைப் பறிகொடுத்தவனுக்குப் பொழுதுபோக்குத் தருகிறார். அவளுடைய புத்தகத்தையும் கையில் திணித்துவிட்டுப் போனார்.

16.2
அவளுடைய புத்தகத்தில் மூன்று வரிக்கு ஒரு பென்சில் கோடு. அங்கே நிறுத்திப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்கவேண்டுமாம், பிறகுதான் மிச்சம். இதற்கு ஒரு பயிற்சி வேறு போய்வந்தவள். நான் நிறுத்தவில்லை. கடகடவென்று வாசித்து முடித்தேன். ஒன்றும் விளங்காமல் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

17.2
"புகை பலூனை மேலே தூக்கிச் செல்கிறது." எழுதின மடையன் ஆரோ. அப்ப சுருட்டுக் குடிக்கிற செல்வநாயகம் எப்பவோ பறந்திருக்கவேணும்.

20.2
பிள்ளைகள் மெல்லிய ரிசுக் கடதாசியில் பலூன் மாதிரிப் புகைக்கூண்டு ஒட்டிக்கொண்டு வந்தார்கள். புத்தகத்தை நம்பி, புகை கூட வரட்டும் என்று ஈர வைக்கோலைக் கொளுத்தினார்கள். கூண்டு கறுத்துச் சரிந்தது. சரியும் என்று எனக்குத் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

மலையகத்திலிருந்து வந்து குடியேறிய வீரம்மாவின் மகள் மீனம்மா என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி விரித்துக் காட்டினாள். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலில்: 'புகையோ, சூடோ? அவரிட்டக் கேக்கோணும்.'

"டீச்சர் எழுதினது. அவருன்னா யாரு சேர்?"

தெரியாது என்றேன்.

21.2
விமலேஸ்வரி என்னிட்டக் கேட்டவள். கார்த்திகை மாதம். நான் வால்வு கழற்றிக்கொண்டிருந்தனான். "உமக்கு விளங்காது, விடும்" எண்டு சொன்னனான். ஒரு சொல்லுத்தானே. சூடு. அது ஏன் என்ர வாயில வரேல்லை? மடையன் எண்டு ஆரை எழுதினனான்?

23.2
புதுக் கூண்டு, காய்ந்த வைக்கோல். கொளுத்த முன்னம் பாடத்தை வாசித்து, அவளுடைய கோட்டில் நிறுத்திக் கேட்டேன்: "புகை இல்லை. அப்ப என்ன?" பல்லிளித்தார்கள், கத்தினார்கள், ஒருத்தன் பேய் என்றான். பிறகு மீனம்மா, "சூடு" என்றாள். கூண்டு வேப்பமரத்தைத் தாண்டிப் போனது.

"அவரு சொன்னாரா சேர்?"

"ஓம். பிந்தித்தான் சொன்னவர்."

9.3
புது ஆசிரியை வந்து புத்தகத்தைக் கேட்டா. கிளிநொச்சியில் புதிது ஒன்று வாங்கி, புகையை வெட்டிச் சூடு என்று எழுதிக் கொடுத்தேன். "அச்சடிச்ச புத்தகத்தில கை வைக்கக்கூடாது தம்பி" என்றார் செல்வநாயகம், புகை விட்டபடி.

அவளுடைய புத்தகத்தில் இன்னும் நாலு இடத்தில் 'அவரிட்டக் கேக்கோணும்' இருக்கிறது. இன்று ஒன்றுக்குக் கீழே பதில் எழுதினேன்.