போன நாலு வாரத்தில் வேலை தேடினீர்களா?

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் காட்டூர் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். இன்னும் பத்து வருடத்தில் திருச்சியில் என்னென்ன வேலைகள் மிஞ்சும் என்று அமிர்தராஜ் சார் ஆய்வு நடத்துகிறார். அதற்குக் கேள்வி கேட்கிறவள் நான். என் வீட்டில் என்ன மிஞ்சும் என்று கேட்கத்தான் ஆளில்லை. என் வீட்டுக்காரர் ஜாவித் ஒன்பது வருடம் மெடிக்கல் கோடிங் பார்த்தார், ஆஸ்பத்திரி பில்லுக்கு நோய்க் குறியீடு போடுகிற வேலை. பிப்ரவரியில், "இனி சாஃப்ட்வேரே பார்த்துக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். அவர் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். தேடுகிற வரைக்கும் எனக்குத் தைரியம்.

ஜூன் 12, வியாழன்

அவருக்கு ஸ்ரீரங்கத்தில் இன்டர்வியூ. அயர்ன் பண்ணின சட்டையோடு போனவர் மத்தியானமே வந்துவிட்டார். சாஃப்ட்வேர் செய்கிற தப்பைத் திருத்த மூன்று மாதத்துக்கு ஆள் வேண்டுமாம். அது கற்றுக்கொண்டதும் கிளம்பிவிட வேண்டுமாம். "என் இடத்துக்கு வர்ற சாஃப்ட்வேருக்கு நானே பாடம் நடத்தணுமாம், இர்பானா" என்று சிரித்தார். இதில் சிரிப்பு வேறா! பற்றிக்கொண்டு வந்தது. கத்திவிட்டேன். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

ஜூன் 20, வெள்ளி

அவர் ஜும்மாவுக்கும் போகவில்லை. "போனா வேலை என்னாச்சுன்னு கேப்பாங்க."

ஜூலை 2, புதன்

"வேலையின்மை குறைஞ்சிருக்கும்மா" என்று சார் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அட, யாருக்கு வேலை கிடைத்தது?

வேலை இல்லாதவரிடம், போன நாலு வாரத்தில் வேலை தேடினீர்களா என்று கேட்போம். ஆமாம் என்றால்தான் அவர் வேலையில்லாதவர். இல்லை என்றால் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். காட்டூரில் எத்தனையோ பேர் தேடுவதையே விட்டுவிட்டார்கள் — அதுதான் இந்தக் குறைச்சல். சாரிடம் சொன்னேன். "தெரியும்மா. எல்லா ஊர்லயும் இதான் முறை. கீழே ஒரு குறிப்பு போட்டுடலாம்" என்றார். குறிப்பாம்! நல்லா போடுங்க.

ஜூலை 16, புதன்

இந்தச் சுற்றில் எங்கள் எடமலைப்பட்டி புதூர் தெருவும் வந்துவிட்டது. சொந்த வீட்டில் நானே கேட்கக் கூடாது. அதனால் என்னோடு வேலை பார்க்கும் ஹாஜிரா வந்தாள்.

"அண்ணன் போன நாலு வாரத்துல வேலை தேடினாங்களாக்கா?"

"தேடுறார். தினமும் தேடுறார்" என்றேன்.

உள்ளேயிருந்து அவர் வந்து நின்றார். "பொய் சொல்லாதே இர்பானா. அன்னைக்கு ஸ்ரீரங்கம் போனதோட சரி."

ஹாஜிராவுக்கு முகம் சுண்டிவிட்டது. அப்படியானால் என்ன செய்கிறார் என்று அடுத்துக் கேட்டாக வேண்டும். அவள் என்னைப் பார்த்தாள்.

"வீட்டைப் பார்த்துக்கறேன்னு போடும்மா" என்றார் அவரே. படிவத்தில் அந்த இடத்தில் இதுவரை நான் பொம்பளைகளைத்தான் குறித்திருக்கிறேன்.

யா அல்லாஹ், மனுஷன் அன்னைக்கே விட்டுட்டாரா? ஊரெல்லாம் கேட்டேனே, இவரை ஒரு நாள் கேட்டேனா?

அவள் முன்னால் அழக் கூடாது என்று டீ போடுகிற சாக்கில் அடுப்படிக்கு ஓடினேன். அங்கே அவர் ஏற்கெனவே மூன்று கிளாஸில் டீ ஊற்றி மூடி வைத்திருந்தார்.