நான் நோயாளி, அவள் நர்ஸ்

ஜூன் 2, திங்கள்

காலையில் ஷாம் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிந்தான். சாளைமீன் குழம்பு சுவரோடு வழிந்து இப்போது காய்ந்துவிட்டது. ஈவாஞ்சலின் துணியோடு வந்தாள், வேண்டாம் என்றேன். எறிந்தவன் துடைக்கட்டும்.

காரணம் அவளுடைய தேர்வு. என் மருமகள் தனியார் மருத்துவமனையில் பத்து வருஷமாக நர்ஸ். இங்கிலாந்தில் வேலைக்குப் போக நர்ஸ்களுக்கென்று ஓர் ஆங்கிலத் தேர்வு இருக்கிறது. வாசிப்பு, எழுத்து, கேட்பது எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். பேச்சில் மட்டும் இரண்டு முறை தோற்றாள். செப்டம்பரில் மறுபடி போகிறேன் என்று சொன்னதற்குத்தான் தட்டு பறந்தது. "இங்கன வாயத் தொறக்க வக்கில்ல, வெள்ளக்காரன்கிட்ட போய் என்னத்தப் பேசுவா" என்றான். துறைமுகத்துக் கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறவன். நாற்பத்திரண்டு வயது. என் ஒரே மகன்.

ஜூன் 6

அவளுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. கேள்வி வந்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. இந்த வீட்டில் வாய் திறந்தால் என்ன நடக்கும் என்று அந்தத் தொண்டைக்குத் தெரியும்.

தேர்வு எப்படி நடக்கும் என்று விசாரித்தேன். ஓர் அட்டை கொடுப்பார்களாம். தேர்வாளர் நோயாளியாக நடிப்பார். இவள் நர்ஸாகவே இருந்து விசாரிக்க வேண்டும். நல்ல முறை. அப்படியானால் நான் நோயாளி என்றேன். அவளுக்கு டியூட்டி இல்லாத மதியங்களில் அடுக்களை மேசையில், அவள் போனில் பதிவை ஓடவிட்டுப் பழகுவது என்று முடிவாயிற்று. பிறகு போட்டுக் கேட்டால் பிழை தெரியும்.

என்னைவிட மோசமான நோயாளி அவளுக்குக் கிடைக்கமாட்டாள். இன்று நான் மூட்டுவலிக்காரி. மருந்து வேண்டாம், டாக்டர் முட்டாள், நர்ஸ் அதைவிட என்று கத்தினேன். அவள் சுவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள். "ஏளா, வலி எனக்கு, சுவத்துக்கில்ல. என்னப் பாத்துக் கேளு." சிரித்துவிட்டாள்.

எங்கள் கான்வென்ட்டில் அரைகுறை வாக்கியத்தில் பதில் சொன்னால் மதர் விரல் முட்டியில் ரூலரால் அடிப்பார். அதைச் சொன்னேன். "நீங்களும் அடிப்பீங்களா அத்தை?" என்றாள். நான் அடிப்பதில்லை. இந்த வீட்டில் அந்த வேலைக்கு ஆள் இருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

ஜூன் 13

அவள் மணிக்கட்டில் விரல் விரலாக நீலம். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 21, சனி

இடது கையால் எழுதுகிறேன். வலது முழங்கை வீங்கியிருக்கிறது. எழுத்து கோணினால் கோணட்டும்.

அட்டைப்படி நான் குளியலறையில் வழுக்கி விழுந்த பெண். எப்படி விழுந்தீர்கள், எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். அட்டையில் இருந்தபடி சொன்னேன். அப்புறம் அட்டையில் இல்லாத ஒன்றை ஆங்கிலத்தில் கேட்டாள்: வீட்டில் யாராவது உங்களை அடிக்கிறார்களா? காயத்தோடு வருகிற பெண்களிடம் அதைக் கேட்கவேண்டும் என்று வார்டில் சொல்லியிருக்கிறார்களாம்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றேன். ஆங்கிலத்தில், முழு வாக்கியத்தில். என் கணவர் என்னை அடிக்கிறார். கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதுகிறார். அவருடைய அம்மா பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். மரியாதையான குடும்பத்துக்காரி. சத்தம் கேட்டால் கண்ணாடியைத் துடைப்பாள்.

அவள் முகம் வெளுத்தது. ஆனால் தொண்டை அடைக்கவில்லை. என் கையைத் தொட்டாள். நீங்கள் சொல்வதை நம்புகிறேன், இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை, யாரிடம் சொல்ல விரும்புகிறீர்கள் என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஒரு தடுமாற்றம் இல்லை. இரண்டு தடவை தோற்றவள்தானா இவள்?

ஷாம் நிலைப்படியில் நின்றிருந்தான். எப்போது வந்தானோ. மேசையில் போன் பதிவாகிக்கொண்டிருந்தது. பயிற்சி என்று அவனுக்குத் தோன்றவில்லை. யாரோ வக்கீலுக்கு வாக்குமூலம் கொடுக்கிறோம் என்று நினைத்துவிட்டான்.

"யாருக்குளா ரெக்கார்டு பண்ணி அனுப்புத? எங்க அம்மையையும் கூட்டுச் சேத்தாச்சா?"

கையில் கிடைத்தது குக்கர் மூடி. வாயில் அடித்தான். முதுகில் அடிக்கவில்லை, கையில் அடிக்கவில்லை. வாயில். திரும்பவும் வாயில். நான் குறுக்கே போனேன், தள்ளினான், முழங்கை அடுப்பு மேடையில் மோதியது. போனைத் தரையில் போட்டுச் செருப்புக் காலால் மிதித்தான். அவள் வாயிலிருந்து ரத்தமும் பல்லும் என் சேலையில் விழுந்தன. நான் பெத்தது. இந்த வயித்துல வச்சுப் பெத்தது—

ஜூன் 22

தாடை எலும்பு முறிந்திருக்கிறது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள் என்றான் ஷாம். அவள் பேசும் நிலையில் இல்லை. அவளோடு வேலை பார்க்கும் ரோஸ் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்தாள்.

போலீஸ்காரர் என்னிடம் திரும்பினார். வேதமணி சார் வீட்டம்மாதானே, நான் சாரிடம் படித்தவன் என்றார். என் கணவர் தலைமையாசிரியராக இருந்தவர். இந்த ஊரில் அந்தப் பெயருக்கு எழுந்து நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வழுக்கித்தான் விழுந்தாளா என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

ஜூலை 3

வீட்டுக்கு வந்துவிட்டாள். ஷாம் அவளுக்குச் சாத்துக்குடி பிழிந்து கொடுக்கிறான். கட்டிலோரம் முழங்காலில் நின்று அழுது ஜெபம் பண்ணினான்.

அவன் வெளியே போனதும் கம்பிக்குள்ளிருந்து காற்றாக ஏதோ சொன்னாள். குனிந்து கேட்டேன். "நாளைக்கு ஆரம்பிப்போம் அத்தை."

ஜூலை 8

ஒவ்வொரு சொல்லும் பல்லிடுக்கில் சீறிக்கொண்டு வருகிறது. கேட்கவில்லை, கேட்கவில்லை என்று நானும் விடாமல் கத்துகிறேன். இன்று மேசையைக் கைமுட்டியால் குத்திவிட்டு மறுபடி சொன்னாள். கண்ணில் கோபம். என் மேல்தான். இருக்கட்டும். பயத்தைவிட அது பேச உதவும்.

ஜூலை 12, சனி

நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். அவள் மேசையில். இன்று நான் ஆஸ்துமாக்காரி. ஷாம் குடித்துவிட்டு வந்தான். கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வந்து அவள் தாடையைக் கையால் கவ்விப் பிடித்தான். "இன்னும் அடங்கலியா நீ? பேசு. எங்க, வாயத் தொறந்து பேசு பாப்போம்." கம்பியில் விரலை விட்டு இழுத்தான். அவளால் அலறக்கூட முடியவில்லை. மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அறுக்கிற ஆட்டுக்குக்கூட வாய் திறந்திருக்கும்.

தோசைக்கல்லைப் பிடியோடு இரண்டு கையாலும் தூக்கினேன். மேலே பாதி வெந்த தோசை. அப்படியே அவன் கைமேல் இறக்கினேன். தோல் பொரிந்த வாசனை. எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. அவளை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். மறுபடி ஓங்கி அடித்தேன். அந்த இரண்டாவது அடி தேவைப்படவில்லை. அடித்தேன்.

மருத்துவமனைக்கு அதே போலீஸ்காரர் வந்தார். எப்படி ஆச்சு என்று ஷாமிடம் கேட்டார். பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்றான்! அம்மா அடித்தாள் என்று சொல்ல அவனுக்கு வெட்கம். வேதமணி வீட்டு ரத்தம். அந்த வெட்கத்தை அவன் முகத்தில் பார்த்தபோது எனக்கு அருவருத்தது. போன மாதம் அதே முகத்தோடு நான் நின்றிருப்பேன்.

"வழுக்கல்லாம் இல்ல. நான்தான் அடிச்சேன், தோசைக்கல்லால" என்றேன்.

"அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. சார் பேரு இருக்கு."

"சார் பேர நான் பாத்துக்கிடுதேன். நீங்க எழுதுங்க. எதுக்கு அடிச்சேன்னும் எழுதணும். போன மாசம் நான் தலையாட்டுனது பொய். அதையும் எழுதுங்க."

ஈவாஞ்சலின் என் பக்கத்தில் வந்து நின்றாள். உதட்டில் ரத்தம். கம்பிக்குள்ளிருந்து அவளே சொல்லத் தொடங்கினாள். அவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் திரும்பக் கேட்டார். அவள் திரும்பச் சொன்னாள். முடிகிறவரை சொன்னாள்.

ஜூலை 14

கையில் மாவுக்கட்டோடு அவனை ரிமாண்ட் செய்துவிட்டார்கள். என் மேலும் ஒரு வழக்கு. வயதைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அடித்தது உண்மை, வழக்கு இருப்பதுதான் முறை.

ஜூலை 20, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கொழுந்தனார் செல்வதுரை மறித்தார். "பெத்த மவன உள்ள வச்சிட்டு எப்படி மதினி கோயில்ல வந்து உக்காருதீங்க?" நாலு பேர் கேட்கட்டும் என்றே சத்தமாகக் கேட்டார்.

"முன் பெஞ்சுல இடம் இருந்துச்சு, உக்காந்தேன்" என்றேன்.

கூட்டத்தில் ஒருவரும் என்னோடு படியிறங்கவில்லை. ஆட்டோ பிடிக்கும்வரை முதுகை நிமிர்த்தி நடந்தேன். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, அழுதேன். சின்னதில் அந்தக் கையைப் பிடித்து நான்தான் எழுதப் பழக்கினேன். அந்தக் கையை.

ஆகஸ்ட் 2

கனவில் மறுபடி அடித்தேன். நிறுத்தத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 9

கம்பி எடுத்தாயிற்று. வாய் திறந்து முதலில் என்னைத்தான் திட்டினாள், ஆங்கிலத்தில். பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போடவில்லையாம். பல் போன இடத்தில் காற்று போகிறது. ஆனால் கேட்கிறது. தெளிவாகக் கேட்கிறது.

செப்டம்பர் 6

ஷாமுக்கு ஜாமீன். நாசரேத் ஊரில் சித்தப்பா செல்வதுரை வீட்டில் இருக்கிறான். இந்த வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று நிபந்தனை.

செப்டம்பர் 27

சென்னைக்குத் தனியாகப் போய்த் தேர்வு எழுதிவிட்டு வந்தாள். நோயாளியாக நடித்தவர் பரம சாதுவாம். "நீங்க படுத்துன பாட்டுக்கு அவரு ஒண்ணுமேயில்ல அத்தை."

அக்டோபர் 18

தேறிவிட்டாள்.

ஜனவரி 19, திங்கள்

ஈவாஞ்சலின் காலையில் கிளம்பிவிட்டாள். வாகைக்குளத்தில் விமானம் ஏற்றிவிட ரோஸ் கார் கொண்டுவந்தாள். சென்னை போய் அங்கிருந்து லண்டன்.

செல்வதுரை நேற்றே வந்து பேசிவிட்டுப் போனார். அவள்தான் போகிறாளே, இனி ஷாம் இங்கே வருவதில் என்ன தடை, நீங்கள் சம்மதித்தால் கோர்ட்டில் சொல்லிக்கொள்ளலாம், அவனுக்குக் கை சரியாக மடங்கவில்லை, இந்த வயதில் உங்களுக்கும் துணையாயிற்று என்றார். காப்பி கொடுத்தேன். அவர் தலை மறைந்ததும் பூட்டு மாற்ற ஆளைக் கூப்பிட்டேன்.

புதுப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்றை அவள் கைப்பையில் போட்டேன்.

"எனக்கெதுக்கு அத்தை? லண்டன்ல எந்தக் கதவத் தொறக்க?"

"லீவுக்கு வருவேல்லா. வாசல்ல நின்னு கூப்புடாத. தொறந்து உள்ள வா."

இருட்டுகிற நேரம் வாசலில் பழைய சாவியைப் போட்டுத் திருகுகிற சத்தம் கேட்டது. அம்மா என்று கூப்பிடவில்லை. திருகினான். ஓர் உதை. மறுபடி சாவி.

வீட்டில் ஆள் இருப்பது தெரியட்டும் என்று முன்னறை விளக்கைப் போட்டேன்.